சம்பளக் குதிரையும் கட்டணக் குதிரையும்

அரிசோனா என்றால் கள்ளியும் மணலும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டூசான் நகரிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சொனோய்ட்டா வரும். ஏறக்குறைய 5,000 அடி உயரம். அங்கே கள்ளியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல். மேற்கே சாண்டா ரீட்டா மலைத்தொடர். அதன் உச்சி ரைட்சன், 9,453 அடி. கிழக்கே வெட்ஸ்டோன் மலை. நடுவே சியெனெகா ஓடை.

1990-களின் தொடக்கத்தில், டூசானில் நீரியல் படித்த காலத்தில், இந்தப் புல்வெளியில் நான் குதிரை ஏறியது வேலைக்காக. ஓடையோரக் கிணறுகளில் நீர்மட்டம் அளக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஜீப் சேற்றில் புதைந்துவிடும். மாட்டுப்பண்ணையில் வேலை செய்த பெரியவர் ஒருவர், வேலி பார்க்கக் கிளம்பும்போது என்னையும் ஒரு குதிரையில் ஏற்றிக் கூட்டிப்போவார். அவருக்குக் குதிரை என்பது கடப்பாரை, கயிறு மாதிரி ஒரு வேலைச் சாமான். ஆனாலும் அதன் உடம்பை அவர் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்து நான் பார்த்ததில்லை. சேணவாரை இறுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். அவர் பேசாமல் அதை நாலடி நடத்துவார். அது மூச்சை விட்டதும் மறுபடி இழுத்துக் கட்டுவார். அப்படிச் செய்யாமல் ஏறினால், மலைச்சரிவில் சேணத்தோடு சேர்ந்து நாமும் பக்கவாட்டில் சரிவோம். ஏற்றத்தில் முன்னே சாய், இறக்கத்தில் பின்னே சாய், கதவு திறந்திருந்தால் திறந்தே விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. அவர் எனக்குச் சொல்லித்தந்தது இவ்வளவுதான். மாதச் சம்பளத்துக்குக் குதிரையில் இருந்தவர் அவர்; அளவெடுக்கும் படிக்காசுக்கு இருந்தவன் நான்.

போன அக்டோபரில் என் மகளோடு அதே பக்கம் போனேன், பணம் கட்டி. கையெழுத்துப் போட ஒரு படிவம், தலைக்கவசம், ஏறும் முன் எடை பார்க்கும் தராசு. அளவுக்கு மேல் எடை இருந்தால் ஏற்ற மாட்டார்கள். குதிரையின் முதுகைக் காப்பாற்றும் இந்த விதி அந்தக் காலத்திலேயே இருந்திருக்க வேண்டும். எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். எல்லோருமே அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். வழியில் எங்களைக் கடந்து போன பண்ணை ஆள் வந்தது நாலு சக்கர மோட்டார் வண்டியில். குதிரையில் போக வேண்டியவர் இயந்திரத்திலும், இயந்திரத்தோடு காலம் தள்ளுகிற நாங்கள் குதிரையிலும். அவர் கையசைத்தார். எனக்கு நெஞ்சு கனத்தது.

இந்த நிலத்தின் கதையே இப்படித் தலைகீழாய்த் திரும்பியதுதான். 1876-இல் வால்டர் வெயில் என்பவர் இங்கே எம்பயர் பண்ணையை வாங்கினார். பண்ணை பெருகியது, அக்கம்பக்கமெல்லாம் மந்தை பெருகியது. தெற்கு அரிசோனா தாங்கும் அளவுக்கு மேல் மாடுகள் மேய்ந்தன. 1891 முதல் 1893 வரை மழை பொய்த்தது. புல் வேரோடு போனது, மாடுகள் கூட்டம் கூட்டமாய்ச் செத்தன. அடுத்து வந்த மழைநீரைப் பிடித்து நிறுத்தப் புல் இல்லாததால் வெள்ளம் மண்ணை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்தப் பள்ளங்களின் செங்குத்துக் கரைகளை இன்றும் குதிரை மேலிருந்து பார்க்கலாம். குதிரையும் மாடுமாய் மனிதன் அழித்த வெளி இது. இன்று அது வீட்டுமனையாகாமல் நிற்பதற்கு, திறந்தவெளியில் குதிரையேற ஆசைப்படுகிறவர்களும் ஒரு காரணம். ஒரு காலத்தில் மனைப்பிரிவுக் கனவோடு ஒரு நிறுவனம் இந்தப் பண்ணையை வாங்கியது, பிறகு அது ஒரு சுரங்க நிறுவனத்தின் கைக்குப் போனது. 1988-இல் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்கு வந்து, 2000-இல் லாஸ் சியெனெகாஸ் தேசியப் பாதுகாப்புப் பகுதியானது. 40,000 ஏக்கருக்கு மேல்.

அக்டோபர் வெயிலில் தங்கமாய் மின்னும் புல்லை மகள் படம் எடுத்துத் தள்ளினாள். இறங்கி ஒரு கதிரைப் பறித்து அவள் கையில் வைத்தேன். மெல்லிய கிளைகள், தூசி போன்ற விதை. லேமன் புல். 1930-களில், அறுபட்ட மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. மண்ணைப் பிடித்தது, கூடவே பூர்வீகப் புற்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. தீ வைத்தாலும் சாம்பலில் முதலில் முளைப்பது அதுவே. அழகாக இருக்கிறது என்று நாம் மெய்ம்மறப்பது வந்தேறிப் புல்லைப் பார்த்து. ஸ்பானியர்கள் கொண்டுவந்தார்கள் என்று நாம் சொல்கிற குதிரையோ இந்தக் கண்டத்தில் தோன்றிய இனம். ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே அழிந்து, கப்பலேறித் தாய்வீடு திரும்பியது.

ஓடைப் படுகையில் சகடோன் புல் இன்னும் இருக்கிறது. சேணத்தில் உட்கார்ந்திருந்தும் முழங்காலை உரசும் உயரம். அதற்குள் நுழைந்ததும் என் குதிரை நின்று இரண்டு காதுகளையும் ஒரே பக்கம் திருப்பியது. அந்தப் பக்கம் பார்த்தால் கவைக்கொம்பு மான்கள் மூன்று. வழிகாட்டிப் பெண்ணுக்கு முன்பே குதிரை பார்த்துவிட்டது. காரிலோ, நடந்தோ வந்திருந்தால் அவை எனக்குத் தென்பட்டிருக்காது. சம்பளம் வாங்கியபோதும் கட்டணம் கட்டியபோதும் குதிரை எனக்குக் கொடுத்த இந்தக் கண் மட்டும் மாறவில்லை.

ஓடைநீர்தான் கவலை. சாண்டா ரீட்டாவின் கிழக்குச் சரிவில் திட்டமிட்டிருந்த செம்புச் சுரங்கத்தை 2019-இல் நீதிமன்றம் நிறுத்தியது. 2022-இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. இதற்கிடையே, அந்தச் சுரங்கத்தைத் திட்டமிட்ட நிறுவனமே மலையின் மேற்குப் பக்கத்தில் வேறொரு திட்டம் போட்டுவிட்டது. நீரியல் படித்தவனாகச் சொல்கிறேன்: நிலத்தடி நீர் இறங்கினால் முதலில் சாவது ஓடைக்கரை மரங்கள். பிறகு சகடோன்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கிராண்ட் கேன்யனோடு திரும்பிவிடாதீர்கள். மழை முடிந்த அக்டோபரில் இரண்டு மணி நேரம் இந்தப் புல்வெளியில் குதிரையேறுங்கள். திரும்பும் முன் காலுறையிலும் கால்சட்டை மடிப்பிலும் ஒட்டிய புல்விதையை அங்கேயே உதறிவிடுங்கள். வேறு காட்டுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.