மெட்டுக்குச் சொந்தக்காரர் யார்?

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கல்யாணத்தில் கரோக்கே வைத்துப் பாடிய பழைய சினிமாப் பாட்டை யூடியூபில் போட்டோம், முடக்கிவிட்டார்கள். காசு வாங்காமல் பாடியதும் தப்பா?
– வாசகர், லாபு

பதில்: மண்டபத்தில் பாடியது பந்தியோடு முடிந்தது, யூடியூபில் ஏற்றியதும் ஊருலகத்துக்கே பந்தி வைத்துவிட்டீர்கள்! மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் மறைந்த பிறகும் மெட்டுக்கும் வரிக்கும் 50 ஆண்டு பாதுகாப்பு, இந்தியாவில் 60. 2017இல் எஸ்.பி.பி.யின் அமெரிக்கக் கச்சேரிகளுக்கே, தன் பாட்டுகளை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா நோட்டீஸ் அனுப்பினாரே! நான் படைத்தவர் பக்கம்தான். ஆனால் பணம் அவர் கைக்குப் போகிறதா என்பதுதான் என் கவலை. கவிஞரும் இசையமைப்பாளரும் ராயல்டிப் பங்கை முழுதாக எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி இந்தியச் சட்டம் திருத்தப்பட்டதே 2012இல்தான். அடுத்த கல்யாணத்துக்கு உங்கள் தோட்டத்துப் பிள்ளையையே மெட்டுப் போடச் சொல்லுங்கள்; அந்த உரிமை லாபுவிலேயே இருக்கும்.