டூர் சாரும் ஈரத் துண்டும்

பொங்கல் கரும்பின் சக்கையை மாடு தின்று முடிப்பதற்குள் எங்கள் தெருவில் டூர் சார் தன் பயணத் திட்ட நோட்டை எடுத்துவிடுவார். அண்ணாமலை நகரில் வேறு எந்தத் தெருவுக்குள் நுழைந்து "டூர் சார் வீடு எது?" என்று கேட்டாலும் ஒரு வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் அது நான் சொல்லும் டூர் சாரின் வீடாக இருக்காது. தெருவுக்கு ஒருவர் உண்டு.

ஊர்ப் பெயரிலேயே மலை இருக்கிறது, மருந்துக்கும் ஒரு மேடு கிடையாது. 1929-இல் பல்கலைக்கழகம் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் அது. மலைக்கும் அதற்கும் வேறு சம்பந்தமில்லை. எங்கள் சிதம்பரத்தில் உயரம் என்றால் கோயிலின் நான்கு கோபுரங்கள். அதற்கு அடுத்தது ரயில்வே மேம்பாலம். அதில் சைக்கிள் மிதித்து ஏறினாலே எங்களுக்கு மலையேறிய மூச்சு வாங்கும். பள்ளிக்கூடத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் இளவேனிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும், நுங்கு விற்கிறவர் பத்து மணிக்கே நிழலுக்குப் போய்விடுவார். இப்படி ஒரு ஊரில் "ஊட்டி" என்று யாராவது சொன்னால் சொன்னவர் வாயிலிருந்தே கொஞ்சம் குளிர்காற்று வரும். டூர் சார் அந்தக் காற்றிலேயே வருஷத்தில் நாலு மாதம் வாழ்கிறவர்.

அவருடைய லட்சியப் பயணம் இதுதான்: மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்து பிளாக் தண்டர் தீம் பார்க்கில் ஒரு நாள், ஊட்டியில் இரண்டு நாள். சித்திரையில் போய், முடிந்தால் மே மாத மலர்க் கண்காட்சியையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆட்கள் ஆறு பேர்: அவர், மனைவி, மாமியார், பிள்ளைகள் இருவர், மச்சினன். மச்சினனுக்கு லீவு கிடைக்குமா என்பது நோட்டின் முதல் பக்கத்தில் பதினோரு வருஷமாகக் கேள்விக்குறியோடு நிற்கிறது.

இதை வெறும் ஆசை என்று நினைத்தால் அவருடைய உழைப்பை அவமதித்தவர்கள் ஆவீர்கள். மலை ரயில் 46 கிலோமீட்டர் ஓடுகிறது, 16 சுரங்கம், 250 பாலம், 208 வளைவு என்பதெல்லாம் அவருக்குப் பெண்டாட்டி பிறந்த நட்சத்திரத்தைவிட நன்றாகத் தெரியும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி ஸ்டேஷன் 2,203 மீட்டர். 1899-இல் குன்னூர் வரைக்கும் வந்த பாதை 1908-இல்தான் ஊட்டியைத் தொட்டது. கல்லாறுக்கு மேலே தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த கம்பி ஓடும், எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இதை விளக்கும்போது தன் பத்து விரல்களையும் கோத்துக் காட்டுவார். பிறகு பிரிப்பதற்கு மறந்து, அப்படியே காப்பி டம்ளரைத் தேடுவார்.

மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. அதற்கு முதல் நாள் இரவே மேட்டுப்பாளையம் சேர வேண்டும். அவர் கண்டுபிடித்த வழி: மயிலாடுதுறை போய் மத்தியானம் ஜன் சதாப்தி; கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு வழியாக ராத்திரி கோயம்புத்தூர்; அங்கிருந்து பஸ். அந்த வண்டி செவ்வாய்க்கிழமை ஓடாது. செவ்வாய்க்கிழமை பயணம் கிளம்பக்கூடாது என்று நம்பும் மாமியாருக்கு இது தெரிந்ததிலிருந்து ரயில்வே மேல் தனி மரியாதை.

முன்பெல்லாம் ரயில் டிக்கெட்டை 120 நாள் முன்னால் எடுக்கலாம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து அதை 60 நாள் ஆக்கிவிட்டார்கள். ஊரே "நல்லதுதான்" என்றது. டூர் சார் மட்டும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டுக் காத்திருக்கும் சுகத்தில் சரிபாதியை ஒரே உத்தரவில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று என்னிடம் சொன்னார். அவர் அதுவரை ஒரு டிக்கெட்டும் எடுத்ததில்லை என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

இனி துண்டு விஷயம்.

தீம் பார்க் முதலிலா, ஊட்டி முதலிலா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. முதல் நாள் பார்க் போனால் ஆறு பேருடைய ஈரத் துணி ஊட்டிக்கு ஏறும். அந்தக் குளிரில் ஈரத் துண்டு ஜன்மத்தில் காயாது. மூன்றாம் நாள் பையைத் திறந்தால் பூசணம் வாசலில் நின்று வரவேற்கும். சரி, ஊட்டியை முடித்துவிட்டு இறங்கும்போது பார்க் போகலாம் என்றால், மறுநாள் காலை கோவையில் ரயில். "ஜன்னல் கம்பியில கட்டினா கரூருக்குள்ள காஞ்சுடும் சார்" என்றார். துண்டுக்குச் சரி, ஆறு பேரின் உள்ளாடையையும் காவிரிக்கரை நெடுகக் கொடியேற்றிக்கொண்டு போகலாமா என்று அவர் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டார். நைலான் துணி சீக்கிரம் காயும் என்று ஒரு தீர்வு வந்தது. மாமியார் நைலானுக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளோ பார்க் முதல் நாளே வேண்டும், இல்லாவிட்டால் ஊட்டியே வேண்டாம் என்று ஒரே பிடி.

அப்போதுதான் அவர் மனைவி, "ஏங்க, நான் தண்ணியில இறங்க மாட்டேன். கரையில உக்காந்து பையைப் பாத்துக்கறேன்" என்று சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவருக்கும் முழு டிக்கெட்டா என்ற கேள்வி அதிலிருந்து கிளம்பி, மாசி மாதம் முழுக்கத் தெருவை ஆட்டிவைத்தது. வாழைக்காய் வாங்கப் போன இடத்தில்கூட என்னை நிறுத்தி அபிப்பிராயம் கேட்டார். பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அலைக்குளத்தில் இறங்கலாமே என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

2024 மே 7-இல் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மறு வருஷம் ஏப்ரலிலிருந்து நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று கணக்கும் வைத்தார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்குப் பாஸ் வேண்டியதில்லை. ஆனாலும் அப்படி ஒன்று இருக்கும்போது அதை எடுக்காமல் இருக்க டூர் சாரால் முடியுமா? வாகன எண் கேட்டது. வீட்டில் இருந்தது பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்றுதான். அதன் எண்ணைப் போட்டார், பாஸும் வந்தது. பிரதி எடுத்து நோட்டில் ஒட்டியிருக்கிறார். மாமியாரோடு ஆறு பேரும் எக்ஸெல்லில் மலையேறுவதாக நினைத்துப் பார்த்து நான் இரண்டு நாள் தனியாகச் சிரித்தேன்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடை. அதனால் பரணில் தூங்கிய எவர்சில்வர் கூஜா இறங்கியது. அதைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். கொத்சு எது வரைக்கும் கெடாமல் வரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து, மூடிவைத்து, மணிக்கொருதரம் முகர்ந்து பார்த்தார்கள். திருச்சி தாண்டாது என்று முடிவானது.

அப்புறம் என்ன? வழக்கம்போல எல்லாம் கச்சிதமாகக் கூடிவந்தபோது ஜூன் வந்துவிட்டது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள்.

அவர் நிஜமாகவே போன பயணம் ஒன்று உண்டு. விருத்தாசலத்து உறவுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேனில் வந்து இறங்கி, எல்லோரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு பிச்சாவரம் போனார்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள், மாமியார் தண்ணீரைக் கையால் அளைந்து விளையாடினார். டூர் சார் மட்டும் வாட்டமாக உட்கார்ந்திருந்தார். நோட்டில் பிச்சாவரத்துக்குப் பக்கமே கிடையாது.

இதற்குள் அவருடைய திட்டத்தை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் மூன்று குடும்பங்கள் ஊட்டி போய் வந்துவிட்டன. போன சித்திரையில் நானும் போனேன். மலை ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்யாதது என் தப்பு, பஸ்ஸில்தான் ஏறினேன். மற்றபடி அவர் எழுதிக்கொடுத்தது எதுவும் பிசகவில்லை. பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது உட்பட. இதுவரை மேட்டுப்பாளையத்தைக் கண்ணால் பார்க்காத மனிதர்!

திரும்பி வந்த அன்று பையை இறக்குவதற்குள் வாசலில் நின்றார். ஊட்டி எப்படி என்று கேட்கவில்லை. பூ பார்த்தீர்களா என்றும் கேட்கவில்லை.

"சார், பார்க் முதல் நாளா போனீங்க?"

"ஆமாம்."

"துண்டு?"

"காயலை சார். மூணு நாளும் காயலை."

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, நின்ற இடத்திலேயே அடிக்கோடிட்டார். பிறகு பஸ் டிக்கெட்டைக் கேட்டார். நான் கசக்கிக் குன்னூரிலேயே போட்டிருந்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இந்த வருஷம் நீங்கள் யாராவது சிதம்பரம் பக்கத்திலிருந்து ஊட்டி போவதாக இருந்தால் தயவுசெய்து டிக்கெட்டுகளை மடித்துப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். ஏறின நேரத்தையும் இறங்கின நேரத்தையும் பின்னால் எழுதிவையுங்கள். அண்ணாமலை நகரில் எந்தத் தெருவில் கொடுத்தாலும் போய்ச் சேர்ந்துவிடும்.