ஆஞ்சான் வாங்கிய கதை

மலாய் மொழியில் கயிற்றுக்குப் பெயர் 'தாலி'. பினாங்கு மாநிலத்தின் பிறை நகரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, படகுக்குக் கயிறு வாங்கப் போன அன்றுதான் அது உறைத்தது. "தாலி எத்தனை மீட்டர்?" என்றார் கடைக்காரர். "இருக்கிற ஒண்ணே போதும்" என்றாள் கூடவந்த என் மனைவி.

எனக்கு வேண்டியது ஆஞ்சான். பாயைப் பாய்மர உச்சிக்கு ஏற்றும் கயிற்றை நம் கடலோடிகள் அப்படித்தான் சொன்னார்கள். என் தாத்தாவும் கடல் தாண்டி வந்தவர்தான். ஆனால் நாகப்பட்டினத்தில் அவர் ஏறிய ராஜுலா நீராவிக் கப்பல். ஆஞ்சானுக்கு அங்கே வேலையில்லை, வாந்திக்குத்தான் இருந்தது.

நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பழைய படகு அது. கவ்வி கடிக்கும் இடத்தில் ஆஞ்சானின் உறை பஞ்சாகப் பிய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் உப்பும் வெயிலும் ஏறி, தொட்டால் கருவாடு.

நைலான் ஆகாது; ரப்பராக இழுபடும். அலையின் உதறலைத் தாங்குவதால் நங்கூரத்துக்குச் சரி. மிச்சம் இரண்டு: பாலியஸ்டர், டைனீமா. எடைக்கு எடை வலுவில் எஃகை மிஞ்சும் டைனீமா ஏறக்குறைய நீளவே நீளாது. பாலியஸ்டர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். மரத்தில் ஏறி இறங்கும் 24 மீட்டர் கயிற்றில், பாயை ஏற்றியபின் இழுவை தாங்கும் பாதி நூற்றுக்கு ஒன்று நீண்டாலே 12 சென்டிமீட்டர். பாயின் முன்விளிம்பு தொளதொளத்து, படகு முன்னே போவதை விட்டுச் சாயத் தொடங்கும்.

"நம்ம படகு மணிக்கு ஆறு கடல்மைல் தாண்டாது. பாலியஸ்டர் போதும்லா" என்றார் அண்ணன். நான் மூன்று மடங்கு விலைக்கு டைனீமா வாங்கினேன். வழுவழுப்பில் முடிச்சு நிற்காது, நுனியைப் பின்னித்தான் வளையம் போடவேண்டும் என்பது வீட்டுக்கு வந்தபின் தெரிந்தது.

பழைய நுனியோடு புதியதைத் தைத்து, மரத்துக்குள் இழுத்து விடவேண்டும். நான் தைக்கவில்லை, டேப் சுற்றினேன். பிறை வெயிலில் பசை இளகிவிட்டது. பழையது சுகமாக வெளியே வந்தது. புதியது உச்சிக் கப்பிக்குப் பக்கத்தில் கழன்று உள்ளே விழுந்தது.

ஆள் ஏறியாக வேண்டும். டேப் சுற்றியவன்தான் ஏறவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. முன்பாயின் ஆஞ்சானில் பலகை கட்டி, அண்ணனும் மனைவியும் விஞ்ச் சுற்ற, மேலே போனேன். அக்கரையில் கொம்தார் கோபுரம், நடுவே ஃபெர்ரி. அழகான காட்சி. அப்போதுதான் கையருகே கயிற்றின் உறை பஞ்சு பஞ்சாக...

"அண்ணே, நான் தொங்குற இது எப்ப மாத்தினது?"

விஞ்ச் நின்றது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் வாங்கினோம், தம்பி."