ஆளில்லாக் கட்டணத் திட்டம்

அனுப்புநர்:
ஒரு மாணவியின் தகப்பனார்,
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்,
கரூர் மாவட்டம்.

பெறுநர்:
துணைவேந்தர் அவர்கள்,
பெயரைச் சொன்னால் தரவரிசை இறங்கிவிடக்கூடிய ஒரு பல்கலைக்கழகம்,
வட இங்கிலாந்து.

நகல்: பிரிட்டன் உள்துறை அமைச்சகம், லண்டன் (தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்).

பொருள்: மாணவர்களை அனுப்பாமல் கட்டணத்தை மட்டும் அனுப்பிவைக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சேர்க்கைக் கடிதமும் அதன்பின் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் நினைவூட்டல்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளுக்குத் தங்கள் பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ் முதுகலைப் படிப்பில் இடம் தந்திருக்கிறீர்கள். கடிதத்தின் முதல் பக்கத்தில் ‘வாழ்த்துகள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கட்டணம், பதினெட்டாயிரம் பவுண்டு, பொடி எழுத்தில் இருந்தது. முதல் பக்கத்தை என் மனைவி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டாம் பக்கத்தை நான் நிலப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்தேன். இரண்டும் கூடிய சீக்கிரம் ஒன்றாகத்தான் வெளியே போகும் என்று தெரியும்.

நான் குறை சொல்ல எழுதவில்லை. தங்களுக்கும் தங்கள் அரசாங்கத்துக்கும் நடுவில் ஒரு மனஸ்தாபம் இருப்பது கண்ணில் பட்டது. அதைத் தீர்க்க ஒரு யோசனை தோன்றியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் ஊர் ஊராக வந்து எங்களை அழைக்கிறீர்கள். கோயம்புத்தூரில் நட்சத்திர ஓட்டலில் கல்விக் கண்காட்சி. வாசலில் பன்னீர் தெளிக்காததுதான் பாக்கி. ‘இன்றே விண்ணப்பித்தால் கட்டணத்தில் தள்ளுபடி’ என்று பலகை வேறு. ஆடி மாதத்தில் ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற நினைப்பிலேயே நின்றோம். அதே சமயம் லண்டனில் இருக்கும் அமைச்சகம், வந்து இறங்குகிற தலைகளை எண்ணி, நாட்டில் வெளியாட்கள் பெருகிவிட்டார்கள் என்று கவலைப்படுகிறது. நிகரக் குடியேற்றக் கணக்கில் மாணவர்களும் சேர்த்தி. படித்து முடித்து இரண்டு வருஷம் வேலை பார்க்கலாம் என்றிருந்ததை 2012இல் எடுத்தார்கள், 2021இல் திருப்பிக் கொடுத்தார்கள், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான் என்கிறார்கள். ஆராய்ச்சிப் படிப்பு அல்லாத மாணவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ கூட்டிவரக் கூடாது என்பது 2024 ஜனவரியிலிருந்து நடைமுறை. ஆக, தங்கள் கணக்கில் என் மகள் வரவு. அமைச்சகத்தின் கணக்கில் அதே மகள் தொந்தரவு. வாழ்நாள் முழுக்க லெட்ஜரைப் பார்த்தே கண் கெட்டவன் நான். ஒரே உருப்படியை இரண்டு பேரேட்டில் இப்படி எழுதி, இரண்டையும் சரி என்று கையெழுத்துப் போட்டதை எந்தத் தணிக்கையிலும் பார்த்ததில்லை.

அவளை உள்ளே விடலாமா என்று முடிவு செய்யத் தாங்கள் கேட்கிற காகிதங்களைப் பற்றி ஒரு வங்கிக்காரனாகப் பாராட்டிவிட்டு மேலே போகிறேன். விவசாயிக்கு டிராக்டர் கடன் கொடுக்க நாங்கள் கேட்காத கேள்வியில்லை என்று நினைத்திருந்தேன். தாங்கள் அதையெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாக்கிவிட்டீர்கள். கட்டணத்தில் முன்பணம் போக மீதி, அதோடு லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவுக்கு 10,539 பவுண்டு, மொத்தமும் கணக்கில் தொடர்ந்து 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் விண்ணப்பம் அம்பேல்.

என் பணிக்கொடை, மனைவியின் நகைக்கடன், மச்சினர் தந்த கைமாற்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் குவித்தோம். அப்புறம்தான் எஸ்எம்எஸ் கட்டணம் ஞாபகம் வந்தது. காலாண்டுக்கு ஒரு முறை வங்கி 17 ரூபாய் 70 பைசா பிடிக்கும். அது சரியாக இந்த 28 நாளுக்குள் பிடித்துத் தொலைத்தால்? அதற்கு ஒரு ஐம்பதாயிரம் கூடப் போட்டோம். பவுண்டு விலை ஏறிவிட்டால்? இன்னொரு ஐம்பதாயிரம். என் மனைவி காலையில் ராசிபலனுக்கு முன்னால் பவுண்டு விலையைப் பார்க்க ஆரம்பித்தார். நடுவில் கியாஸ் தீர்ந்தது. கணக்கைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கணக்கில் முப்பது லட்சத்தை வைத்துக்கொண்டு, சிலிண்டருக்குப் பக்கத்து வீட்டில் கடன் கேட்டோம். அவர்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது. பெண்ணை லண்டன் அனுப்புகிற வீடு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார் என் மனைவி. இதே காகிதங்களை ஒரு சீன மாணவர் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியதில்லையாம், கேட்டால் காட்டினால் போதுமாம். அந்தச் சலுகைப் பட்டியலை 2018இல் நீட்டியபோது சீனாவைச் சேர்த்தார்கள். எங்கள் பெயர் விட்டுப்போயிற்று. பந்தியில் விட்டுப்போன இலை மாதிரி என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த இலைக்காரர் மொய் எழுதியிருக்க மாட்டார், நாங்கள் எழுதிவிட்டோம்.

அடுத்து ஆங்கிலம். எல்கேஜியிலிருந்து ஆங்கில வழியில் படித்தவள், ஐஇஎல்டிஎஸ் எழுதி 7.5 வாங்கினாள். சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லுமாம். அதற்குமேல் அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் காலாவதியாகிவிடும் என்று ஏற்பாடு. எங்கள் வீட்டு இருமல் மருந்துக்கே மூன்று வருஷம் கெடு.

நேர்காணலைச் சொல்லாமல் விட முடியாது. வந்திருப்பவர் உண்மையான மாணவர்தானா என்று பார்க்கத் தாங்கள் வீடியோவில் கேள்வி கேட்பீர்களாமே, அதற்குக் கன்சல்டன்சியில் ஒரு வாரப் பயிற்சி. வீட்டிலும் பழகச் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் நான்தான் அதிகாரி.

“இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தாய்?”

“கட்டணம் கம்மி. பெரியம்மா பையன் அங்கே இருக்கான்.”

அப்படிச் சொல்லக் கூடாதாம். “அந்நகரின் பன்முகப் பண்பாடும் தொழிற்புரட்சிக் கால வரலாறும் என்னை ஈர்த்தன” என்று சொல்ல வேண்டும். அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். படித்து முடித்து என்ன செய்வாய் என்றால், தாயகம் திரும்பி நாட்டுக்கு உழைப்பேன் என்று சொல்ல வேண்டும். தங்கள் விளம்பரக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், படிப்புக்குப் பின் அங்கேயே வேலை பார்க்கும் வசதி பற்றிச் சிரித்த முகங்களோடு போட்டிருப்பதை அவள் பார்க்கவேயில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையைச் சோதிக்கிற நேர்காணலில் உண்மையைச் சொன்னால் தேற முடியாது. இன்னொரு விசேஷம், கன்சல்டன்சிக்காரர் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. முதல் வருஷக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தாங்களே அவருக்குக் கமிஷனாகத் தருகிறீர்களாம். அதாவது, கேள்வியும் தங்களுடையது, விடை எழுதிக்கொடுக்கிறவர் சம்பளமும் தங்களுடையது. நடுவில் என் மகள் தொண்டை மட்டும் எங்களுடையது.

தங்களுக்கும் பரீட்சை உண்டென்று கேள்விப்பட்டபோது கோபம் தணிந்தது. தாங்கள் அழைக்கிற நூறு பேரில் விசா மறுக்கப்படுகிறவர்கள் பத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது போய், இனி ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். தவறினால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமமே போய்விடலாம். எனவேதான் விசா அதிகாரி கேட்பதற்கு முன்பு தாங்கள் கேட்கிறீர்கள், தாங்கள் கேட்பதற்கு முன்பு கன்சல்டன்சிக்காரர் கேட்கிறார், அவர் கேட்பதற்கு முன்பு நான் கேட்கிறேன்.

இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு எங்களை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்பது வரவு-செலவைப் பார்த்தால் விளங்குகிறது. இங்கிலாந்தில் உள்ளூர் இளநிலை மாணவர் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017இல் 9,250 பவுண்டு. விலைவாசி எங்கெங்கோ போன பிறகு, 2025இல்தான் 9,535 ஆயிற்று. எங்களுக்கு அப்படி வரம்பு எதுவும் கிடையாது. வெளிநாட்டாருக்குத் தனிக் கட்டணம் என்பது 1967இல் தொடங்கியது; உள்ளூராருக்கு 70, மற்றவர்களுக்கு 250. தாட்சர் அம்மையார் காலத்தில் முழுச் செலவையும் எங்கள் தலையில் கட்டினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளால் விழுகிற துண்டை எங்கள் ஊர் நிலப் பத்திரங்கள் அடைக்கின்றன. இது போதாதென்று 2028 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டு மாணவர் தலைக்கு 925 பவுண்டு வரி வேறு. வசூலைக் கொண்டு உள்ளூர் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை தரப்போகிறார்களாம். மனமார வாழ்த்துகிறேன். நகையை அடகு வைத்துத் தர்மம் செய்கிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

எங்கள் ஊர்க் கோயில்களில் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட ‘உபயம்’ என்று போட்டு, வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பெயர் எழுதுவார்கள். தங்கள் நூலகத்தில் எத்தனை விளக்குகள் எங்கள் பணத்தில் எரிகின்றனவோ, ஒன்றிலாவது ‘உபயம்: கரூர் வட்டத்துப் பெற்றோர்’ என்று போடலாம். போடச் சொல்லி வற்புறுத்தவில்லை.

இனி யோசனை. தங்களுக்குத் தேவை காசு. அமைச்சகத்துக்கு வேண்டாதது ஆள். ஆளை இங்கேயே நிறுத்திக்கொண்டு காசை மட்டும் அனுப்பிவிட்டால் இரு தரப்பும் சமாதானமாகிவிடுமல்லவா? கட்டணம் தேதி தவறாமல் வரும். குடியேற்றக் கணக்கில் ஒரு தலைகூட ஏறாது. வாடகை வீட்டுத் தட்டுப்பாடு என்று யாரும் எங்களைக் கைகாட்ட முடியாது. பட்டத்தைக் கூரியரில் அனுப்பினால் போதும், டெலிவரி செலவு எங்களுடையது. பட்டமளிப்பு விழாப் படத்தை மட்டும் கரூர் ஸ்டுடியோவில் அங்கி வாடகைக்கு எடுத்து, பின்னால் தங்கள் கட்டடத்தை ஒட்டி, பிரமாதமாக எடுத்துக்கொள்வோம்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல், அங்கே சேர்த்த சொத்தோடு லண்டனில் குடியிருந்தார். 1718இல் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ஜார்ஜ் மன்னர் படமும் அனுப்பினார். சரக்கை விற்றுக் கட்டடம் கட்டி, அவர் பெயரையே கல்லூரிக்கு வைத்தார்கள். அவர் அந்தக் கல்லூரிப் படி மிதிக்கவேயில்லை. யாரும் அவரிடம் வங்கிக் கணக்குக் கேட்கவில்லை. மதராஸ் காசு கடல் கடக்கலாம், அதற்கு விசா வேண்டியதில்லை என்பது அன்றே தீர்ந்துபோன வழக்கு.

ஆளையே அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் எங்களிடம் சான்று இருக்கிறது. 1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கணிதமேதை ராமானுஜனை அனுப்பினோம். சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது. அவர் இன்று எங்கள் கன்சல்டன்சிக்குப் போனால், வரவேற்பறையைத் தாண்ட மாட்டார். ‘அரியர் எத்தனை?’ என்று கேட்பார்கள், எஃப்.ஏ. பரீட்சையில் தேறவேயில்லை. ‘ஆங்கிலம்?’ அதில் கோட்டைவிட்டுத்தான் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். ‘கேப் ரொம்ப இருக்கே சார், என்ன வேலை பார்த்தீங்க?’ துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா. கடைசியில், கேம்பிரிட்ஜெல்லாம் வேண்டாம், ஜனவரி சேர்க்கையில் வேறு ஒரு நல்ல இடம் இருக்கிறது என்று தங்கள் பல்கலைக்கழகக் கையேட்டை நீட்டுவார்கள். மனைவி ஜானகி அன்றும் இங்கேயேதான் இருந்தார். இன்று எங்கள் பிள்ளைகள் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக் காசநோய் இல்லை என்று சான்று கொடுத்தால்தான் விசா. ராமானுஜனுக்கு அங்கே போன பிறகுதான் காசநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பிற்காலத்தில் அது வேறு நோய் என்றும் சொன்னார்கள். திரும்பி வருகிறவர்களுக்கு நாங்கள் எக்ஸ்ரே கேட்பதில்லை. கேட்கவும் மனம் வராது.

திட்டத்தில் ஒரே ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்ய எங்கள் பிள்ளைகளுக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள். பெரியம்மா பையன் அப்படித்தான் கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கினான், வார இறுதியில் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவைக் குளிப்பாட்டிவிட்டான். அந்தத் தாத்தா மணிக்கணக்காகப் பேசுவாராம், இந்தப் பையன்கள் எதற்கு இங்கே வருகிறார்கள் என்று டிவியைப் பார்த்துத் திட்டுவாராம், பிறகு ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று இவனையே கேட்பாராம். ஆள் வரவில்லையென்றால் அவருக்கு மாற்று ஏற்பாட்டை அமைச்சகம்தான் செய்ய வேண்டும். காசைக் கூரியரில் அனுப்பலாம். முதுகு தேய்க்க ஏதும் அனுப்ப வழியில்லை.

கீழ்க்கண்டவற்றை மட்டும் தெளிவுபடுத்தினால் போதும். ஆளில்லாமல் வரும் காசும் 28 நாள் கணக்கில் தூங்க வேண்டுமா? ஒரு வருஷப் படிப்புக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் 1,164 பவுண்டை, தங்கள் நாட்டில் தும்மக்கூட வாய்ப்பில்லாதவளுக்கும் வசூலிப்பீர்களா? விசாக் கட்டணத்தைப் பணத்தின் பெயரில் கட்டுவதா, மகளின் பெயரிலா?

பதில் ஆங்கிலத்திலேயே இருக்கலாம், மகள் படித்துச் சொல்வாள். ஒரு வேண்டுகோள்: அவளுக்கு விசா வந்துவிட்டால் கிளம்பிவிடுவாள். டிக்கெட்டைக்கூட என் மனைவி பார்த்து வைத்துவிட்டார், மூன்று கிலோ பருப்புப்பொடியும் இடித்தாகிவிட்டது. அதற்குள் பதில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் முன்பணத்தை நேற்றே கட்டிவிட்ட,
மாணவியின் தகப்பனார்.

இணைப்பு: முன்பண ரசீது நகல், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றொப்பத்துடன்.