ஓய்வுபெற்ற போலீஸ் காரின் திணை: ஓர் ஆய்வு

கார் அஃறிணை என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். 'கார் வந்தது' என்கிறோம். 'கார் வந்தார்' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு ஃபோர்டு கிரௌன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர் பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்ததும், முன்னால் போகிறவர் போனைக் கீழே போட்டு, பிரேக்கை மிதித்து, முதுகை நிமிர்த்தி உட்காருகிறாரே, அவரைப் பொறுத்தவரை வருவது 'அது' அல்ல, 'அவர்'. வண்டி பணி ஓய்வு பெற்றுவிட்டது, உள்ளே இருப்பது பால் வாங்கப் போகும் நான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. இந்தத் திணை மயக்கமே ஆய்வுப் பொருள். ஆய்வுக் காலம், வண்டியை ஏலத்தில் எடுத்த நாள் முதல் என் மனைவி விற்கச் சொல்லும் நாள் வரை.

இத்துறைக்கு முதல்நூல் 1980இல் வந்த 'தி புளூஸ் பிரதர்ஸ்' படம். சிறையிலிருந்து வெளியே வரும் ஜேக்கை அழைத்துப்போக, போலீஸ் ஏலத்தில் எடுத்த 1974 டாட்ஜ் மொனாக்கோவில் எல்வுட் வந்து நிற்பான். புத்தியுள்ளவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் ஏலத்துக்குப் போனேன்.

என்னுடையது 2008 மாடல். மூலபாடத்தை இடைச்செருகலிலிருந்து பிரிக்க அகச்சான்று உண்டு. முன்கண்ணாடியின் கீழே பொறித்திருக்கும் 17 எழுத்துத் தொடரில் 5, 6, 7ஆம் இடங்களில் பி71 என்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அது யாரோ ஒரு தாத்தா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஓட்டிய வண்டி, தள்ளிவிடுக. 4.6 லிட்டர் வி8 இஞ்சின், 250 குதிரைத்திறன், லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டத்தின் மேல் ஏற்றிய உடம்பு. கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையிலிருந்து கடைசி கிரௌன் விக்டோரியா 2011 செப்டம்பரில் இறங்கியது. அத்தோடு மரபு அற்றது.

இனி, ஓடாமல் ஓடிய தூரம் என்னும் சிக்கல். ஓடோமீட்டர் 92,000 மைல் என்கிறது. நான் மகிழ்ந்தேன். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால், நின்ற இடத்திலேயே இஞ்சின் உறுமிய நேரம் 4,000 மணி என்று வருகிறது. ரேடியோவுக்கும் கணினிக்கும் மேல்விளக்குக்கும் மின்சாரம் வேண்டும், போலீஸ்காரருக்குக் குளிரில் ஹீட்டர் வேண்டும்; ஆகவே இஞ்சினை அணைப்பதே இல்லை. ஃபோர்டின் கணக்குப்படி ஒரு மணி நேரம் நின்று உறுமுவது 33 மைல் ஓடியதற்குச் சமம். பெருக்கினால் 1,32,000 மைல். என் கார் போன தூரத்தைவிடப் போகாத தூரம் அதிகம்! சும்மா இருப்பதும் தேய்மானமே என்க.

விளக்கையும் எழுத்தையும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். எடுத்தார்களா என்றால், ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்தில் பெயின்ட் வெளுக்கவில்லை. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது, கதவில் 'போலீஸ்' என்ற ஆங்கில எழுத்து, அழித்த சிலேட்டில் தெரிவதுபோல் மங்கலாக எழுந்து வரும். கூரையில் விளக்கு இருந்த ஓட்டைகளை ரப்பரால் அடைத்திருக்கிறார்கள். மழைக்கு ஒன்று ஒழுகுகிறது. டிரைவர் பக்கத்துத் தேடுவிளக்கு மட்டும் மிச்சம். இருட்டில் வீட்டு எண் தேட நன்றாயிருக்கிறது; வீட்டுக்காரர்கள்தான் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்களோ என்று பயம்.

வேகத்துக்கென்று வாங்கினேன், வேகமே கிடைக்கவில்லை. எனக்கு முன்னால் யாரும் வேகமாகப் போவதில்லை. 65 மைல் போகலாம் என்று பலகை சொல்கிற இடத்தில் ஊரே 58இல் ஊர்கிறது. இரண்டு பக்கமும் நல்லொழுக்கம். நடுவில் 250 குதிரைகளோடு நான்.

மதுரையிலிருந்து மாமனார் வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஏட்டு. முன் சீட்டில் மனைவி, பின்னால் அவர். கடை வாசலில் இறங்கி நாங்கள் பேசிக்கொண்டே பாதி தூரம் நடந்த பிறகுதான் ஆள் குறைவது தெரிந்தது. பின்கதவு உள்ளிருந்து திறக்காது. கைதிகளுக்காகச் செய்த ஏற்பாடு. ஓடிப்போய்த் திறந்தேன். வழுக்கும் வினைல் சீட்டில் பையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல இந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல."

"மன்னிச்சிருங்க மாமா."

திரும்பும்போது முன் சீட்டு அவருக்கு. வழிவிட்டு ஒதுங்கும் கார்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாத்தீங்களா? யூனிஃபார்மைக் கழட்டின பிறகும் நான் தெருவுல போனா பீடியக் கீழ போட்டுட்டுத்தான் நிப்பானுங்க" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை.

மறுநாள் காலை, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு இஞ்சினை முடுக்கி நிறுத்தியிருந்தேன். நிற்கும் கணக்கில் இன்னும் சில மைல். மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்த மாமா, வண்டியைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஐயா எந்திரிச்சுட்டாரா?"