மே மாதத்தில் அறை கிடைக்குமா?

மாலில் ஒரு சீட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டேன். பரிசு விழுந்திருக்கிறதாம், கணவரையும் அழைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். போகலாமா? (சேலம் வாசகி)

தாராளமாக. கிரெடிட் கார்டு மட்டும் வீட்டில் இருக்கட்டும். தனியாக வருகிறவர் ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று எழுந்துவிடுவார். தம்பதியாக வந்துவிட்டால், கேட்பதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதற்காகத்தான் அந்த ஜோடி அழைப்பு.

அவர்கள் விற்பது டைம்ஷேர்: இப்போதே பணம் கட்டி, பல வருடங்களுக்கு வருடம் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை. மலை, ஏரி, நீச்சல் குளம் எல்லாம் காட்டி முடித்தபின், ‘இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்’ என்பார்கள். அங்கேதான் எழுந்து வந்துவிட வேண்டும். 25 வருடத்துக்குப் பணம் கட்டுகிறவருக்கு ஒரு வாரம் யோசிக்கும் உரிமை இல்லையா? ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கொண்டுவந்த விதிப்படி, டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்களில் விற்பவர் முன்பணம்கூட வாங்கக் கூடாது. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. எத்தனை நாளுக்குள் ரத்து செய்தால் முழுப்பணமும் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தேடிப் படிக்க வேண்டும்.

டைம்ஷேர் நம் ஊருக்கு எப்போது வந்தது? (மதுரை வாசகர்)

1960களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் தொடங்கிய வியாபாரம் இது. இங்கே அதைப் பரப்பியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல், ஊட்டி என்று மலைவாசத் தலங்களில் 99 ஆண்டு உரிமையை விற்றது. 1996இல் மஹிந்திரா குழுமம் மூணாறிலிருந்து கிளம்பி, கிளப் மஹிந்திரா என்ற 25 ஆண்டுத் திட்டத்தோடு வந்தது. 99 ஆண்டு வாக்குக் கொடுத்த ஸ்டெர்லிங், 30 ஆண்டு முடிவதற்குள் தாமஸ் குக் இந்தியாவின் கைக்குப் போய்விட்டது. ரிசார்ட்டுகள் இன்றும் நடக்கின்றன. ஆனாலும் பேரப்பிள்ளை காலம்வரை ஒப்பந்தம் போடுகிறவர், அதுவரை முதலாளி யார் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

வரி உட்பட 4 லட்ச ரூபாய். வருடம் 6 இரவு, 25 வருடம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 20,000. அறை வாடகையே இல்லை என்கிறார்கள். லாபம்தானே? (கோவை வாசகர்)

வாடகை இருக்கிறது; பெயர்தான் வேறு. அந்த 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருடம் 28,000 ரூபாய் வரும். பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்தால் 48,000. அதை 6 இரவுக்குப் பிரித்தால் ஓர் இரவுக்கு 8,000 ரூபாய். சாப்பாடும் பயணமும் தனி. 25 வருடம் கழித்து வங்கியில் 4 லட்சம் அப்படியே இருக்கும்; மெம்பர்ஷிப் முடிந்துபோயிருக்கும். ஒரு வருடம் போக முடியாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும், அதுவும் ஏறிக்கொண்டே போகும். இஎம்ஐயில் வாங்கினால் கடன் வட்டியும் உண்டு.

அறை வாடகையும் ஏறும் என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். அதனால் 8,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைகளில் வருடம் தவறாமல் தங்குகிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவரலாம். 3,000 ரூபாய் அறையிலேயே சந்தோஷமாக இருக்கும் குடும்பத்துக்கு ஒத்துவராது.

விலை குறைவு என்று ‘ஒயிட்’ சீசன் எடுக்கலாமா? இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். (ஈரோடு வாசகி)

வேண்டாம். கிளப் மஹிந்திராவின் திட்டத்தில் பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ என்று நான்கு நிறம். கூட்டம் மிகுந்த நாட்கள் பர்ப்பிளுக்கு. விலையும் அதற்கே அதிகம். கீழ் நிறம் வாங்கியவர் மேல் நிறத்து நாட்களைக் கேட்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு எந்த நிறமும் தெரியாது. அது மே மாதம்தான் லீவு விடும்.

மேல் நிறம் வாங்கினாலும், முந்திக்கொண்டவருக்கே அறை. எனவே விற்பவர் எதிரிலேயே ஒரு சோதனை: வரும் மே மாதத்தில் ஊட்டியில் எந்த வாரம் அறை இருக்கிறது என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லலாம். ஓய்வு பெற்று, ஜூலை மழையிலும் மூணாறுக்குக் கிளம்பத் தயாராக இருக்கும் தம்பதிக்குக் கீழ் நிறத் திட்டம் பொருந்தும்.

பிடிக்காவிட்டால் விற்றுவிடலாமே? நல்ல முதலீடு என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

முதலீடு என்ற சொல் வந்தவுடனே எழுந்துவிடுவது நல்லது. விடுமுறைத் தங்கலை விற்று, தங்காதவருக்குப் பணம் திருப்பித் தருவதாகச் சொன்ன பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம், அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் நடத்துகிறது என்று 2014இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தடுத்தது. அதற்குள் திரட்டியிருந்த பணம் சுமார் 7,000 கோடி ரூபாய். முறையான டைம்ஷேரையும் வாங்கிய விலைக்கு விற்பது கடினம். ‘விற்றுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்’ என்று போனில் கூப்பிடுகிறவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

கையெழுத்துப் போட்டுவிட்டோம். சொன்னது ஒன்று, நடப்பது ஒன்று. என்ன செய்வது? (நெல்லை வாசகர்)

விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி, பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்க வேண்டாம். ரத்து செய்ய நாள் மிச்சமிருந்தால் இன்றே மின்னஞ்சலில் எழுதிவிட வேண்டும். நாள் கடந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நெல்லையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.