விடைக்குறிப்பு தந்த வள்ளல்களுக்கு

பெறுநர்:
தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு,
பெங்களூரு.

பொருள்: தர்க்கப் பயிற்சி அளித்து வருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய கூட்டமைப்பினருக்கு,

மனுதாரர் திருச்சிக்காரர். வழக்கறிஞர் அல்லர், நீதிமன்றப் படி ஏறியதே ஒரு பட்டா விவகாரத்துக்காகத்தான். அவருடைய அக்கா மகள் தங்கள் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குப் பழகத் தொடங்கியதிலிருந்து வீட்டில் எவராலும் ஒரு வாக்கியத்தை நிம்மதியாகப் பேசி முடிக்க முடிவதில்லை. "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கோம்மா" என்றால், "மாமா, நீங்க சொன்னதுல சொல்லாம விட்ட அனுமானம் ரெண்டு இருக்கு" என்கிறாள். ஒரு குடும்பத்தின் சிந்தனையை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருப்பது முறையல்ல.

அவள் பழகுவது இரண்டு வகை. லாஜிக்கல் ரீசனிங்கில் ஒரு கட்டுரைத் துண்டு வரும். ஆசிரியரின் முடிவு எது, எந்தத் தகவல் அதை வலுவாக்கும், எது பலவீனமாக்கும் என்று கேட்பார்கள். லீகல் ரீசனிங் அதைவிட ருசியானது. பத்தியில் ஒரு சட்டக் கொள்கை இருக்கும். பிறகு ஒரு கதை. கொள்கையைக் கதைமேல் பொருத்தி விடை சொல்ல வேண்டும். முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று தாங்களே அறிவித்திருக்கிறீர்கள். தெரிந்திருந்தால் ஆபத்து என்பதைக் கோச்சிங் மாஸ்டர்தான் சொல்லித்தருகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர், சட்டப்படி வயதுக்கு வராத நிலையில், வட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் 20,000 ரூபாய்க்குச் சொத்தை அடமானம் வைத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் தீர்ப்பு. இதைப் படிக்காமல் இந்தியாவில் யாரும் சட்டப் பட்டம் வாங்க முடியாது. ஆனால் தேர்வுத்தாளின் பத்தி "மைனரின் ஒப்பந்தம் செல்லும்" என்று சொல்லிவிட்டால், செல்லும் என்றே குறிக்க வேண்டும். பிரிவி கவுன்சிலைத் தேர்வறை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதுதான் புத்திசாலித்தனம். தந்த விதியை மட்டும் பார், தராததைச் சேர்க்காதே: உண்மையில் இது நல்ல பயிற்சி. மனுதாரர் இதில் கிண்டல் எதுவும் கலக்கவில்லை.

கிண்டல் தொடங்குவது கடிகாரத்தில். 120 கேள்வி, 120 நிமிடம். ஒரு பத்தி 450 சொல் வரை நீளலாம். பத்தியைப் படிப்பது, கொள்கையைப் பிடிப்பது, நான்கு விடைகளில் மூன்றைத் தள்ளுவது, ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்குவது எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள். தவறினால் கால் மதிப்பெண் போகும். நாட்டில் ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் நடுவே எத்தனை மாதம் ஓடும் என்று பட்டா வழக்கு நடத்தியவருக்குத் தெரியும். அந்தத் துறைக்கு ஆள் எடுக்க நிமிடக் கணக்கு வைத்த தங்கள் நகைச்சுவை உணர்வை அவர் மெச்சுகிறார்.

2019 வரை 200 கேள்விகள் இருந்தன. 'அ'வின் மாமனாருக்கு 'இ' என்ன உறவு, வட்ட மேசையில் யாருக்கு எதிரே யார் என்பனவும் வந்தன. 2020இல் எல்லாம் பத்தி வடிவமாகி 150 ஆயின. 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து 120. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கோச்சிங் புத்தகம் எடைக்குப் போனது, புதியது விலைக்கு வந்தது. அமெரிக்காவின் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வான எல்சாட்டும் 2024 ஆகஸ்டில் தன் புகழ்பெற்ற 'லாஜிக் கேம்ஸ்' பகுதியைக் கைவிட்டது. படம் வரைந்து பார்த்தால்தான் விடுவிக்க முடிகிற புதிர்கள் பார்வையற்றவருக்கு அநீதி என்று ஒருவர் தொடுத்த வழக்கும், 2019இல் ஏற்பட்ட சமரசமும் அதற்கு வழிவகுத்தன. அங்கே மாற்றத்துக்கு இப்படி ஒரு காரணம் சொல்ல முடிகிறது. இங்கே காரணத்தை ஊகிப்பதும் மாணவருக்கான பயிற்சியாகவே விடப்பட்டிருக்கலாம்.

தங்கள் மெய்யான கொடை தேர்வறைக்கு வெளியே இருக்கிறது. பதினேழு வயதில் உச்ச நீதிமன்ற நடைமுறையைக் கற்றுத்தரும் வேறு நுழைவுத் தேர்வு உண்டா?

2018ஐ எடுத்துக்கொள்வோம். கூட்டமைப்பு பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தேர்வைக் கொச்சியின் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தியது. கணினிகள் நின்றன, திரைகள் உறைந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இழந்த நிமிடங்களுக்கு ஈடாக, அந்த மாணவர் மற்ற நேரத்தில் எவ்வளவு வேகமாகவும் சரியாகவும் விடை எழுதினார் என்று கணக்கிட்டு மதிப்பெண் கூட்டிக் கொடுத்தார்கள். எழுதாத கேள்விக்கு எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் மதிப்பெண்! அளவையியல் படித்த பழம்பண்டிதர் எவருக்கும் தோன்றாத அனுமானம் இது.

2020 அதைவிட மேல். பெருந்தொற்றால் கிளாட் தள்ளிப்போய்க்கொண்டே இருக்க, கூட்டமைப்பின் அலுவலகம் எந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறதோ அந்தப் பெங்களூருச் சட்டப் பல்கலைக்கழகமே தனித் தேர்வு நடத்தக் கிளம்பியது. நாற்பது கேள்வி, நாற்பத்தைந்து நிமிடம், வீட்டிலிருந்தே எழுதலாம். செப்டம்பர் 12 அன்று நடந்தும் முடிந்தது. செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 28 அன்று பிள்ளைகள் கிளாட் எழுதினார்கள். வீட்டுக்காரரே வாடகை வீடு தேடிப் போனால் குடியிருப்பவர் நிலை என்ன என்று மனுதாரரின் அக்கா மகள் ஒரு மாதிரிக் கேள்வி தயாரித்து வைத்திருக்கிறாள்.

அவள் தயாரித்த இன்னொரு கேள்வியை அப்படியே தருகிறார் மனுதாரர்.

கொள்கை: சரியான விடை ஒன்றே என்று அறிவித்து, பிழையான விடைக்கு மதிப்பெண் கழிப்பவர், கேள்வியும் விடைக்குறிப்பும் பிழையின்றி இருப்பதை உறுதிசெய்யக் கடமைப்பட்டவர்.

நிகழ்வு: 'க' என்ற அமைப்பு 2024 டிசம்பர் 1 அன்று தேர்வு நடத்துகிறது. விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய். விடைக்குறிப்பில் தவறு கண்டவர் ஒரு கேள்விக்கு 1,000 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். டிசம்பர் 20 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இரண்டு விடைகள் தவறு என்கிறார். வழக்குகள் வேறு மாநிலங்களிலும் முளைக்க, உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் டெல்லிக்கு அனுப்புகிறது. 2025 ஏப்ரல் 23 அன்று இரு நீதிபதிகள் அமர்வு முடிவுகளைத் திருத்தச் சொல்கிறது. மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்பளிக்கிறது; கேள்விகள் அசட்டையாகத் தயாரிக்கப்படுவது குறித்து வேதனையும் தெரிவிக்கிறது.

கேள்வி: 'க' எத்தனை மதிப்பெண் இழக்கும்?
(அ) ஒன்றரை
(ஆ) அரை
(இ) ஆறு
(ஈ) எதுவும் இழக்காது

ஆறு கேள்வி, கேள்விக்குக் கால் வீதம் ஒன்றரை என்று மனுதாரர் 'அ'வைக் குறித்தார். அக்கா மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, மாணவர் தப்புப் பண்ணினா கழிக்கணும்னுதான் இருக்கு. 'க' தப்புப் பண்ணினா கழிக்கணும்னு எங்கே இருக்கு? பத்தியில இல்லாததை நீங்களா சேர்க்காதீங்க." விடை 'ஈ'. மனுதாரருக்குக் கால் மதிப்பெண் போயிற்று.

மொழி பற்றி ஒரு சந்தேகம். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். பிற இந்திய மொழிகளிலும் நடத்தக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தபோது, இந்திய பார் கவுன்சிலே அக்கோரிக்கையை ஆதரித்தது. சட்டம் படித்து முடித்தவர்களுக்கு அதே பார் கவுன்சில் நடத்தும் தேர்வைத் தமிழிலும் எழுத வழி இருந்திருக்கிறது. ஆக, பட்டம் வாங்கிய பிறகு தமிழில் தர்க்கிக்க முடியும். வாங்குவதற்கு முன் முடியாது. இந்த வாதத்தை வலுவாக்கும் தகவல் எது என்று நான்கு விடைகளாவது கொடுத்திருக்கலாம்.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்தே ஐந்தாண்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கிறது. அங்கே படித்தவர்களும் வாதாடுகிறார்கள், நீதிபதிகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதே மாநிலத்தில், நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய நிமிடத்துக்கொரு விடை வேண்டும். இந்த வேறுபாட்டுக்குத் தர்க்கம் தேடித் தோற்றுப்போய், அக்கா மகளிடம் மறுபடி கேட்க மனுதாரருக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே அவர் கோருவது இவ்வளவுதான். கேள்வித்தாளைத் தயாரிப்பவர்கள், அதை அச்சுக்கு அனுப்பும் முன், பக்கத்து அறையில் உட்கார்ந்து 120 நிமிடத்தில் தாங்களே ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். அவர்களுக்குள் விடை மாறுபடும் கேள்வியை நீக்கிவிட வேண்டும். ஆட்சேபனைக்கு ஆயிரம் வாங்குவதென்றால், தவறு நிரூபணமாகும்போது கட்டியதைத் திருப்பித் தருவதோடு நிறுத்தாமல், கண்டுபிடித்துச் சொன்ன பிள்ளைக்கு மேலும் ஓர் ஆயிரம் ஆசிரியர் ஊதியமாகத் தர வேண்டும். 2018 வழக்கிலேயே நிலையான சீர்திருத்தத்துக்கு ஒரு குழு அமைக்கும்படி நீதிமன்றம் சொல்லியிருந்ததை, 2025இல் அதே நீதிமன்றம் நினைவூட்ட நேர்ந்தது. அந்த ஏழு ஆண்டுகளை எந்த வாய்பாட்டால் ஈடுகட்டுவது என்பதையும் தெரிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
மனுதாரர்,
திருச்சி.

குறிப்பு: இது ஆட்சேபனை அன்று, நன்றிக் கடிதம். ஆகவே ஆயிரம் ரூபாய் இணைக்கப்படவில்லை.